ஒரு டேர்ம், ஒரே கோல்கீப்பர்: எங்க பசங்க காலேஜ்ல என்ன நடந்ததுன்னு எண்ணிப் பாத்த கதை

மொரீஷியஸ்ல செகண்டரி ஸ்கூலைத்தான் காலேஜ்னு சொல்லுவோம், அதனால தமிழ்நாட்டுல இருந்து படிக்கிறவங்க குழம்பிக்க வேண்டாம், நான் சொல்றது ஏழாம் கிரேடுல இருந்து பதிமூணு வரைக்கும் பசங்க மட்டும் படிக்கிற ஒரு ஸ்கூல். மேட்டுப் பக்கம் இருக்கு, ஜூன் ஜூலைல வெயிலைப் பாக்குறதே அபூர்வம், சாரல் நிக்கவே நிக்காது. நான் அங்க தமிழ் சொல்லிக் குடுக்குறேன். ஸ்கூல் பேரு வேண்டாம், இதுல குறை சொல்ற இடம் நிறைய வருது, அதுல பாதிக் குறை என் மேலயே.

ரெண்டாம் டேர்ம் முடியுற வெள்ளிக்கிழமை அசெம்பிளியில ரெக்டர், அதாவது எங்க ஹெட்மாஸ்டர், லிஸ்ட் வாசிச்சார். ஃபுட்பால்ல ஸோன் கப், தமிழ் நாடகத்துல ஃபைனல் வரைக்கும் போனது, சயின்ஸ் ப்ராஜெக்ட், ஆவணக் கண்காட்சி, மலையேற்றம், இன்னும் என்னென்னமோ, வாசிக்க வாசிக்க கை தட்டித் தட்டி சின்னப் பசங்களுக்குக் கையே செவந்து போச்சு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு, இல்லன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் ஸ்டாஃப் ரூமுக்கு டீ குடிக்கப் போனேன், மேத்ஸ் சொல்லிக் குடுக்குற நண்பர் ஒரு பேப்பர் கட்டைத் தூக்கி என் மேசைல வெச்சார். பத்தாம் கிரேடு டெஸ்ட். "உன் நாடகப் பசங்க நாலு பேரு, மார்க்கைப் பாரு" அப்படின்னு இங்க எல்லாரும் பேசுற க்ரியோல் மொழியில சொல்லிட்டு கேக்கைக் கடிச்சாரு. நாலும் ஃபெயில். நாலுமே மார்ச்ல நல்லா எழுதின பசங்க.

இந்த ஆய்வு ஆரம்பிச்சது அங்கதான். யாரும் செய்யச் சொல்லல, எனக்கும் அவருக்கும் வந்த சண்டைதான் இப்படி முடிஞ்சுது.

முதல்ல நடந்தது என்ன

ரெண்டாம் டேர்ம்னா ஏப்ரல் கடைசியில இருந்து ஜூலை நடு வரைக்கும், கணக்குப்படி பன்னண்டு வாரம் போல வரும், லீவு நாளெல்லாம் கழிச்சா அதுவும் இல்ல. முதல் டேர்ம்ல தைப்பூசக் காவடி, மகா சிவராத்திரி, மார்ச் 12 தேசிய நாள், நடுவுல சைக்ளோன் வார்னிங்னு பாதி நாள் ஓடிப் போயிடும். மூணாம் டேர்ம் எஸ்.சி. (பதினொண்ணாம் கிரேடு), எச்.எஸ்.சி. (பதிமூணாம் கிரேடு) பரீட்சை பயத்துல யாரும் எதையும் தொட மாட்டாங்க. ஆக வருசத்துல செய்ய வேண்டிய அத்தனையும் வந்து விழுறது இந்த ரெண்டாம் டேர்ம்லதான்.

வரலாறு கிளப் பசங்க மே 20க்கு சுவர்ல ஒரு கண்காட்சி வெச்சாங்க. 1975 மே 20ல காலேஜ் மாணவர்கள் தெருவுல இறங்கி போர்ட் லூயிஸ் பக்கம் ஊர்வலமா போனதும், கிராண்ட் ரிவர் பாலத்துக்கிட்ட போலீஸ் மறிச்சதும் இங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. அந்த வருசக் கடைசியிலேயே ஓட்டு வயசு 21ல இருந்து 18 ஆச்சு, 1977ல செகண்டரி படிப்பு இலவசம் ஆச்சு. இன்னைக்கு ஃபீஸ் இல்லாம படிக்கிற பையனுக்கு அது ஏன்னு தெரியணும்ல. நல்ல கண்காட்சி, ரெண்டு நாளு நின்னுச்சு, அப்புறம் மழைத் தண்ணி சுவர்ல எறங்கி சார்ட்டெல்லாம் உரிஞ்சு போச்சு.

அதைவிட பெரிய வேலை எட்டாம் கிரேடு பசங்க செஞ்சது. மோக்காவுல மகாத்மா காந்தி இன்ஸ்டிட்யூட்ல ஒப்பந்தக் கூலியா வந்தவங்களோட பதிவேடெல்லாம் இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் ஒரு நம்பர், எந்தக் கப்பல், எந்த ஊர், என்ன வயசு, பின்னாடி வந்தவங்களுக்கு போட்டோ கூட உண்டு. 1834ல இருந்து கிட்டத்தட்ட 1920 வரைக்கும் நாலரை லட்சத்துக்கு மேல ஆளுங்க இந்தத் தீவுக்கு வந்து எறங்குனாங்க, அவங்க ஏறி வந்த படிக்கட்டு போர்ட் லூயிஸ் துறைமுகத்துல ஆப்ரவாசி காட்ங்கிற இடத்துல இன்னும் இருக்கு, 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. பசங்க வீட்ல பெரியவங்ககிட்ட பேரு கேட்டு, தாத்தாவோட தாத்தா எந்தக் கப்பல்ல மெட்ராஸ்ல இருந்து வந்தாருன்னு தேட ஆரம்பிச்சாங்க. எல்லாருக்கும் கிடைக்கல. கிடைச்ச ஒரு பையன் அந்த நம்பரை பேனாவால கையில எழுதிக்கிட்டு ஒரு வாரம் அழிக்காம சுத்துனான்.

இந்தத் தேடல்ல இருந்துதான் நாடகமே வந்துச்சு. எங்க அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைப் பாத்தா தெரியும், அருணாசலம் அர்னாஷெல்லோம் ஆயிருப்பாரு, முத்துசாமி மூத்தூசாமி ஆயிருப்பாரு, அதெல்லாம் குமாஸ்தா காதுல விழுந்த மாதிரி எழுதி அப்படியே குடும்பப் பேரா நின்னுபோனது. சரி, அதையே காட்சியா வெச்சா என்னன்னு நாப்பது நிமிச நாடகம் ஒண்ணு எழுதினேன்: கப்பல்ல இருந்து எறங்குற ஆளு தன் பேரைச் சொல்றான், குமாஸ்தா தப்பா எழுதுறான், இவன் திருப்பிச் சொல்றான், அவன் திருப்பித் தப்பா எழுதுறான், அவ்வளவுதான் கதை. கலாச்சார அமைச்சு வருசா வருசம் மொழிவாரியா நாடக விழா நடத்துறாங்க, தமிழுக்கும் தனியா உண்டு, அதுல சேத்து விட்டோம்.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகணும். என் பசங்க வீட்ல தமிழ் பேசுறவங்க இல்ல. க்ரியோல்தான். ரூவா நோட்டுல தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் இருக்கும், கோயில்ல தேவாரம் கேப்பாங்க, கல்யாணத்துல இலை போட்டு ஏழு கறி சாப்பிடுவாங்க, பேச்சுன்னு வந்தா க்ரியோல். நாடகத்துல பாதிப் பேரு வசனத்தை ஃப்ரெஞ்சு எழுத்துல எழுதி வெச்சு மனப்பாடம் பண்ணாங்க. 'ழ' வராம 'வாழ்க்கை'யை நாலு விதமா சொன்னானுங்க. ஒரு பையன் "சார், நான் என்ன சொல்றேன்னு எனக்கே புரியல, ஆனா சொல்லும்போது கோவம் வருது"ன்னான். இதை தமிழ்ச் சாதனைன்னு லிஸ்ட்ல போடலாமாங்கிறது எனக்கே ஒரு கேள்வி. நான் போட்டேன்.

சயின்ஸ் பக்கம் ராஜீவ் காந்தி சயின்ஸ் சென்டர் நடத்துற சயின்ஸ் க்வெஸ்ட் போட்டிக்கு ஒரு டீம். 2020 ஜூலை 25ல வாகாஷியோ கப்பல் புவான்ட் தெஸ்னி பவளப் பாறைல ஏறி நின்னுச்சே, ஆகஸ்ட் 6ல எண்ணெய் கசிஞ்சு, ஏறக்குறைய ஆயிரம் டன் கடல்ல கலந்துச்சு, அப்ப ஜனங்க கரும்புச் சோகையைத் துணியில திணிச்சு மிதவை தச்சாங்க. இந்தப் பசங்க அன்னைக்கு பிரைமரி பசங்க, வீட்ல உக்காந்து தைச்சது ஞாபகம் இருக்கு அவனுங்களுக்கு. அந்த சோகை உண்மையிலேயே எவ்வளவு எண்ணெய் குடிக்கும், சக்கை எவ்வளவு குடிக்கும்னு எடை போட்டுப் பாத்தாங்க. பொடியா நறுக்குனா நிறைய உறிஞ்சுது, ஆனா தண்ணியையும் சேத்து உறிஞ்சு முழுகிப் போச்சு, அதுக்கு என்ன பண்றதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டாங்க. கெமிஸ்ட்ரி லேப் ஒரு மாசம் டீசல் நாத்தம்.

அப்புறம் ஃபுட்பால், அப்புறம் இளைஞர் சாதனை விருதோட வெண்கலப் படிக்காக பிளாக் ரிவர் கோர்ஜஸ் காட்டுக்குள்ள ரெண்டு நாள் ஒரு ராத்திரி நடை. இதைப் பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல, போனாங்க, நனைஞ்சாங்க, அட்டை மாதிரி ஏதோ ஒட்டிக்கிச்சுன்னு ஒருத்தன் கத்துனான், வந்துட்டாங்க.

அந்த வியாழக்கிழமை

எட்டாவது வாரம்னு நினைக்கிறேன். ஃபுட்பால் செமி ஃபைனல் ஒண்ணரை மணிக்கு, நாடகத்தோட முதல் சுற்று வாக்குவாவுல செர்ஜ் கான்ஸ்டான்டின் தியேட்டர்ல மூணு மணிக்கு. குளிர் காலத்துல இங்க அஞ்சே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைஞ்சிடும், அதனால மேட்சை தள்ளி வைக்க மாட்டாங்க. நாடகத்துல எங்க முறையையும் மாத்த முடியாதுன்னுட்டாங்க. பிரச்சனை என்னன்னா எங்க டீம் கோல்கீப்பரும் கப்பல்ல இருந்து எறங்குற ஆளும் ஒரே பையன். சயின்ஸ் டீம்ல ஜட்ஜுகிட்ட பேசுறவனும் அவனேதான், ஏன்னா இங்கிலீஷும் ஃப்ரெஞ்சும் கூச்சமில்லாம பேசுவான். நல்லவேளை சயின்ஸ் அன்னைக்கு இல்ல.

பி.ஈ. மாஸ்டரும் நானும் ரெண்டு நாளு பேசிக்கவே இல்ல. கடைசியில ஒரு ஒப்பந்தம்: முதல் பாதி அவருக்கு, அதுக்கப்புறம் எனக்கு. ஹாஃப் டைம்ல லேப் அட்டெண்டன்ட் தன் கார்ல பையனை ஏத்திக்கிட்டு வந்தாரு, அவன் சேறு பட்ட ஷார்ட்ஸ் மேலயே வேட்டியைச் சுத்திக்கிட்டு மேடை ஏறினான். முழங்கால்ல ரத்தம். கப்பல்ல நாப்பது நாளு கெடந்து வந்தவன் மாதிரியே இருந்தான், மேக்கப்பே தேவைப்படல. நாங்க அடுத்த சுற்றுக்குப் போனோம்.

ஆனா நான் சொல்ல வந்தது அது இல்ல. ரெண்டாம் பாதியில கோல்ல நின்னது சீசன் பூரா பெஞ்சுல உக்காந்திருந்த ஒரு ஒல்லிப் பையன். ஒரு கோலும் விடல. ஒண்ணுக்கு பூஜ்யம்னு ஜெயிச்சாங்க. அவனை ஏன் அதுக்கு முன்னாடி ஒரு மேட்ச்லயும் எறக்கலன்னு பி.ஈ. மாஸ்டர்கிட்ட அப்புறமா கேட்டேன், "ரிஸ்க் எடுக்க முடியாதுல்ல"ன்னாரு. நாடகத்துல ரெண்டாவது ஆளை நான் ஏன் தயார் பண்ணலன்னு அவர் திருப்பிக் கேட்டிருந்தா நானும் அதேதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த வாரம் நாடகத்துக்கு வந்த அந்த முதல் கோல்கீப்பரோட பாட்டி ஸ்கூலுக்கு போன் பண்ணாங்க. க்ரியோல்ல ஆரம்பிச்சு கோவம் வந்ததும் ரெண்டு வார்த்தை தமிழுக்குத் தாவி, பேரன் ராத்திரி வந்து சோறுகூட திங்காம சட்டையோட தூங்குறான், உங்க ஸ்கூல்ல வேற புள்ளைங்களே இல்லையா சார்னு கேட்டாங்க. நான் பெருமை, பரிசுன்னு ஏதோ சொன்னேன். அவங்க போனை வெச்சுட்டாங்க.

எண்ணிப் பாத்தோம்

ஜூலை லீவுல ரெண்டு காலைப் பொழுது, நானும் மேத்ஸ் நண்பரும் அஷரும் உக்காந்தோம். அஷர்னா இங்க லீவு லெட்டர், லேட், ஒழுங்கு எல்லாம் பாக்குற ஆளு, ஸ்கூல்ல என்ன நடக்குதுன்னு ரெக்டரைவிட அவருக்குத்தான் தெரியும். பீரியடு ரெஜிஸ்டர் எல்லாத்தையும் எடுத்து, 'அனுமதியோட வெளிய'ன்னு போட்டிருந்த இடமெல்லாம் ஒரு நோட்டுல கோடு போட்டோம். எக்ஸெல் இல்ல, கோடுதான்.

ரெக்டர் வாசிச்ச லிஸ்ட்டு நீளம்தான், ஆனா பேரு திரும்பத் திரும்ப வருது. பதினேழு பசங்க மூணோ அதுக்கு மேலயோ இடத்துல இருக்காங்க. ஸ்கூல்ல எழுநூறு பேரு. காய்ச்ச மரம்தான் கல்லடி படும்னு சொல்லுவாங்கல்ல, ஒவ்வொரு வாத்தியாரும் தனக்கு நம்பிக்கையான பையனைத்தான் புடிக்கிறாரு, எல்லாருக்கும் நம்பிக்கையான பையன் அதே பையன். யாரும் உக்காந்து திட்டம் போட்டு செய்யல, ஒருத்தர் செய்யுறது இன்னொருத்தருக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

ரெண்டாவது விசயம் இன்னும் சுவாரசியம். பசங்களை வெளிய எடுத்தது எந்த நேரத்துல? நாங்க எல்லாம் நெனச்சது ஸ்கூல் முடிஞ்சப்புறம் ப்ராக்டிஸ் நடக்குதுன்னு. இல்லவே இல்ல. ரெண்டரைக்கு மணி அடிச்சா மூணு மணிக்கு லெஸோன். லெஸோன்னா டியூஷன், இங்க அது இன்னொரு ஸ்கூலு மாதிரி, மேல் கிரேடு பையன் டியூஷன் போகாம இருக்குறது அபூர்வம், அப்பா அம்மா மாசாமாசம் காசு கட்டுறாங்க, அதை விட்டுட்டு ரிகர்சலுக்கு வாடான்னு சொன்னா எவனும் வரமாட்டான். அதனால எல்லா ப்ராக்டிஸும் ஸ்கூல் நேரத்துக்குள்ள புகுந்துடுச்சு. டியூஷனுக்கு நாங்க கை வைக்க முடியல, கிளாஸ் மேல வெச்சோம். யோசிச்சா கேவலமா இருக்கு, இலவசமா கிடைக்கிற பாடத்துல இருந்துதான் எல்லாரும் எடுத்துக்குறோம்.

எந்தப் பாடம்? ஃபுட்பால் பஸ் செவ்வாயும் வியாழனும் பன்னண்டே முக்காலுக்குக் கெளம்பும். அந்த ரெண்டு நாளும் கடைசி ரெண்டு பீரியடு ஆப்ஷன் பிளாக், அதாவது தமிழ், ஹிந்தி, உருது, ஆர்ட் எல்லாம் ஒரே நேரத்துல, பசங்க பிரிஞ்சு தனித்தனி ரூமுக்குப் போவாங்க. என் பத்தாம் கிரேடு தமிழ் குரூப் பதிமூணு பேரு. டேர்ம் பூராவும் பதிமூணு பேரும் ஒண்ணா உக்காந்திருந்த பீரியடு ஒம்போது. ஒம்போதுதான்! பாக்கி நாளெல்லாம் எட்டு பேரு, ஆறு பேரு, ஒருநாள் மூணு பேரு, அன்னைக்கு நான் பாடம் நடத்தாம நாடக வசனம் சொல்லிக் குடுத்திருக்கேன், ரெஜிஸ்டர்ல என் கையெழுத்துலயே இருக்கு. பெரிய கிளாஸ்ல இருந்து ஆளைத் தூக்குனா சத்தம் வரும், சின்ன குரூப்ல தூக்குனா கேக்க ஆள் இல்ல. 2012ல பிரைமரில க்ரியோலும் ஒரு பாடமா வந்ததுல இருந்து நம்ம மொழிப் பாடத்துக்கு ஒரு போட்டி சேந்திருக்கு, அதைப் பத்தி மீட்டிங்ல நானே நிறைய தடவ புலம்பியிருக்கேன். என் ரூம்ல காலியா கெடந்த பெஞ்சைப் பத்தி ஒரு தடவ கூட வாய் திறக்கல.

சரி, அப்ப மேத்ஸ் ஏன் அடி வாங்குச்சு? அது நான். ஹால் காலியா இருக்குறது புதன்கிழமை மூணாவது நாலாவது பீரியடு மட்டும்தான், பத்தாம் கிரேடுக்கு அது மேத்ஸ் டபுள். ஆறு புதன்கிழமை நாலு பசங்களை எடுத்திருக்கேன். அனுமதிச் சீட்டு ஒவ்வொண்ணும் ஒழுங்கா எழுதி, ரெக்டர் கையெழுத்து வாங்கி, எல்லாம் சட்டப்படி. அந்த ஆறு வாரத்துலதான் மேத்ஸ் நண்பர் க்வாட்ராடிக் ஈக்வேஷன் முழுசா முடிச்சிருக்காரு. டெஸ்ட்ல பாதி மார்க் அதுல இருந்து. கோடு போட்டுக்கிட்டிருந்த நண்பர் தலையைத் தூக்காமலே "ஆறு" அப்படின்னாரு. அஷர் டீ கொண்டு வர்றேன்னு எழுந்து போயிட்டாரு, டீ வர அரை மணி நேரம் ஆச்சு.

பெஞ்சுல இருந்த கோல்கீப்பர் பையனோட பேரையும் தேடிப் பாத்தேன். ஃபுட்பால் கப் லிஸ்ட்ல இருக்கான், வேற எங்கயும் இல்ல. மேத்ஸ்ல எண்பதுக்கு மேல.

மாத்திப் பாத்தது

ஆகஸ்ட்ல ஸ்கூல் தொறந்ததும் நோட்டை ரெக்டர்கிட்ட காட்டினோம். திட்டுவாருன்னு நெனச்சோம், அவரு ரொம்ப நேரம் புரட்டிட்டு, அசெம்பிளியில வாசிக்கும்போதே எனக்கும் ஒரு மாதிரி இருந்துச்சுன்னாரு. மூணு விசயம் முயற்சி பண்ணினோம், மூணும் மூணு மாதிரி ஆச்சு.

ஆப்ஷன் பிளாக்கை காலையில மூணாவது நாலாவது பீரியடுக்கு மாத்தினது நின்னுச்சு. டைம்டேபிள் போடுற மிஸ் ரெண்டு ராத்திரி தூங்கலன்னாங்க, ஆனா நின்னுச்சு. என் ரூம் நிறைஞ்சுது. கடைசி பீரியடுக்கு இப்ப கம்ப்யூட்டர் பாடம் போயிருக்கு, அந்த வாத்தியார் என்னைப் பாத்தா குட் மார்னிங் சொல்றதில்ல. அதாவது ஓட்டையை அடைக்கல, நகத்தி வெச்சிருக்கோம். இதை நான் மறைக்க விரும்பல.

ஒரு பையன் ஒரு டேர்ம்ல ரெண்டு வேலைக்கு மேல எடுக்கக்கூடாதுங்கிற விதி, பேப்பர்ல நல்லா இருந்துச்சு. மூணாம் டேர்ம்ல போட்டியே அதிகம் இல்ல, அதனால அதை சோதிச்சோம்னு சொல்ல முடியாது. கோயில் விழாவுக்கு கும்மி மாதிரி ஒண்ணு பசங்களை வெச்சு செய்யலாம்னு ஒரு யோசனை வந்தப்ப முதல்ல விதியை வளைக்கப் பாத்தது யாருன்னா, வேற யாரு, நான்தான். அஷர் சீட்டைத் திருப்பிக் குடுத்துட்டாரு.

மூணாவது, ஸ்டாஃப் ரூம்ல ஒரு வெள்ளை போர்டு. எவர் எந்தப் பையனை எந்த பீரியடுக்கு எடுக்குறாரோ அதுல எழுதணும், எழுதலன்னா பையன் வெளிய போக முடியாது. இது மூணு வாரம் ஓடுச்சு, அப்புறம் மார்க்கர் காணாம போச்சு, அப்புறம் போர்டுல யாரோ பிறந்தநாள் கேக் கணக்கு எழுதிட்டாங்க. ஜனவரில திரும்ப ஆரம்பிச்சோம், இந்தத் தடவ மார்க்கரை நூல் போட்டு கட்டி வெச்சிருக்காரு அஷர். அதுல ஒரு நல்லது நடந்துச்சு: யாரு யாரை எடுக்குறாங்கன்னு எல்லார் கண்ணுக்கும் தெரியுது, ஒரே பேரு மூணு கலர்ல வந்தா யாராவது ஒருத்தர் சிரிச்சிக்கிட்டே அழிச்சிடுறாரு.

முதல் கோல்கீப்பர் இந்த வருசம் பதினொண்ணு, அக்டோபர்ல எஸ்.சி. எழுதணும். ஃபுட்பால் மட்டும் போதும்னு அவனே முடிவு பண்ணிட்டான், பாட்டி முடிவு பண்ணாங்கன்னும் சொல்றாங்க. மேத்ஸ் நண்பர் விட்டுப்போன பாடத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல அவனுக்கும் மத்த மூணு பேருக்கும் உக்காத்தி வெச்சு சொல்லிக் குடுத்தாரு, காசு வாங்கல, என்கிட்ட மட்டும் தினமும் ரெண்டு கத்தோ பிமா (மிளகாய் போட்ட பருப்பு வடை) வாங்கிச் சாப்பிட்டாரு, அது ஒரு மாசம் நடந்துச்சு.

போன வாரம் அந்த ஒல்லிப் பையன் வந்து நின்னான். இந்த வருச நாடகத்துல குமாஸ்தா வேசம் யாருக்குன்னு கேட்டான். தமிழ் எடுக்காத பையன், ஆர்ட் குரூப், வீட்ல யாருக்கும் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. குமாஸ்தாவுக்கு எல்லாம் தப்பாச் சொல்ற வசனம்தானே சார், எனக்கு வரும்னான். வரச் சொல்லியிருக்கேன். நேத்து போர்டுல செவ்வாய்க்கிழமை நாலாவது பீரியடுக்கு நேரா அவன் பேரு எழுதியிருக்கு, ஆர்ட் கிளாஸ் அது, கையெழுத்து என்னோடது.